ஜெட் புரோவோஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ராணுவ ஜெட் பயிற்சி விமானங்களைப் பற்றி எழுத ஆரம்பித்ததிலிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஜெட் புரோவோஸ்ட் பற்றித்தான். தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன்.

ஜெட் புரோவோஸ்ட் என்பது என்ன விமானம்?

பிரிட்டனின் லூட்டன் நகரில் இருந்த பெர்சிவல் நிறுவனம் (பின்னால் ஹன்டிங் என்று பெயர் மாறி, 1960-ல் பிரிட்டிஷ் ஏர்கிராஃப்ட் கார்ப்பரேஷனோடு சேர்ந்தது) செய்த இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். முதல் விமானம் 1954 ஜூன் 26 அன்று பறந்தது. 1959-லிருந்து 1993 வரை பிரிட்டன் விமானப்படையின் பைலட்டுகளில் பெரும்பாலோர் அடிப்படைப் பயிற்சியை இதில்தான் முடித்தார்கள். அந்தப் படைக்காரர்கள் வாயில் இது வெறும் 'ஜே.பி.' இன்றைய மன்னர் சார்லஸ்கூட 1971-ல் கிரான்வெல் கல்லூரியில் இதில் பயின்றுதான் 'விங்ஸ்' என்ற பைலட் தகுதிச் சின்னம் வாங்கினார்.

உலகத்தின் முதல் ஜெட் பயிற்சி விமானம் இதுதானே?

இல்லை. பல இடங்களில் அப்படி எழுதியிருக்கிறார்கள், ஆனால் தப்பு. அமெரிக்காவின் டி-33, பிரிட்டனின் மீட்டியர் டி.7 இரண்டும் 1948-லேயே பறந்துவிட்டன. அவை போர் விமானத்தை நீட்டி இன்னொரு இருக்கை போட்டவை. பயிற்சிக்கென்றே முதலிலிருந்து வரைந்தது என்று பார்த்தால் நெதர்லாந்தின் ஃபோக்கர் எஸ்.14 1951-ல் வந்தது, பிரான்சின் ஃபூகா மஜிஸ்டர் 1952-ல் வந்தது.

ஜே.பி.யின் பெருமை வேறு. அதுவரை ஜெட் என்பது ஏற்கெனவே பறக்கத் தெரிந்தவனுக்குக் கொடுக்கிற வண்டி. முதலில் ப்ரொப்பெல்லர் விமானத்தில் பல மாதம் ஓட்டிப் பழகி, அப்புறம்தான் வாம்பயர் டி.11 மாதிரி ஜெட் பக்கமே போகலாம். பறத்தலே தெரியாத ஒருவனை முதல் நாளே ஜெட்டில் உட்கார வைக்கலாம் என்ற எண்ணத்தை ஒரு விமானப்படை முறையான பாடத்திட்டமாகவே ஏற்றுக்கொண்டு பெரிய அளவில் நடத்தியது இந்த விமானத்தை வைத்துத்தான்.

அந்த எண்ணத்தை எப்படிச் சோதித்துப் பார்த்தார்கள்?

1955-ல் ஹல்லாவிங்டன் தளத்தில் இருந்த 2-ஆம் எண் பறத்தல் பயிற்சிப் பள்ளிக்கு ஜே.பி.யின் முதல் வகையான டி.1 விமானங்களைக் கொடுத்தார்கள். ஒரு பகுதி மாணவர்கள் பழைய முறைப்படி ப்ரொப்பெல்லர் விமானத்தில் தொடங்க, இன்னொரு பகுதி நேராக ஜெட்டில் தொடங்கினார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 17 அன்று ஃபாஸ்டர் என்ற பைலட் ஆபீசர் ஜெட்டிலேயே தன் முதல் தனிப் பறத்தலை முடித்தார்.

ஆசிரியர்கள் பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை, சொல்லப்போனால் சில விஷயங்களில் ஜெட் சுலபம். மூக்குச் சக்கரம் இருப்பதால் ஓடுபாதையில் நேராக ஓடும், முன்னால் பெரிய எஞ்சின் மறைக்காததால் எதிரே நன்றாகத் தெரியும், ப்ரொப்பெல்லர் சுழற்சி மூக்கை ஒரு பக்கம் இழுக்காது. கஷ்டம் எதில் என்றால் வேகத்தைக் கணிப்பதில்: த்ராட்டிலைத் தள்ளியதும் ஜெட் உடனே கேட்காது, எஞ்சின் சுழன்று வேகம் எடுக்கச் சில நொடி ஆகும், அதனால் முன்கூட்டியே யோசிக்கப் பழக வேண்டும். அதைத்தான் எதிர்காலப் போர் விமானியிடம் எதிர்பார்க்கிறோம் என்றால் முதல் நாளிலிருந்தே பழக்கலாமே என்பது வாதம். எனக்கு அந்த வாதம் இன்றைக்கும் சரியாகத்தான் படுகிறது. பிற்காலத்தில், அனுபவமே இல்லாதவர்களை முதலில் சிப்மங்க் என்ற சிறிய ப்ரொப்பெல்லர் விமானத்தில் கொஞ்சம் ஓட்டிப் பார்த்து வடிகட்டும் வழக்கம் திரும்பி வந்தது, அது செலவுக் கணக்கு.

முதல் வகை ஏன் கொக்கு மாதிரி நிற்கிறது?

ஏற்கெனவே இருந்த பிஸ்டன் எஞ்சின் புரோவோஸ்டின் இறக்கையையும் வாலையும் எடுத்துக்கொண்டு, நடு உடலை மட்டும் ஜெட்டுக்கு ஏற்றபடி புதிதாகச் செய்தார்கள். செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். டி.1-க்கு வைத்த சக்கரக் கால்கள் தேவைக்கு மேல் நீளம், பக்கத்தில் நின்று பார்த்தால் விமானம் எதையோ மிதிக்காமல் தாண்டப் பார்ப்பது போலிருக்கும். டி.2-ல் காலைக் குட்டையாக்கிவிட்டார்கள், அந்த உருவம்தான் பிறகு நிலைத்தது.

எஞ்சின் பற்றிச் சொல்லுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை. உள்ளே இருப்பது ஆர்ம்ஸ்ட்ராங் சிட்லி வைப்பர். இது முதலில் செய்யப்பட்டது ஆஸ்திரேலியாவின் ஜிண்டிவிக் என்ற ஆளில்லாத இலக்கு விமானத்துக்காக, அதாவது பீரங்கியும் ஏவுகணையும் சுட்டுப் பழக வானத்தில் அனுப்பும் பொருளுக்காக. 10 மணி நேரம் ஓடினால் போதும் என்ற கணக்கில் வரைந்த எஞ்சின்! அதை உறுதிப்படுத்தி, ஆயுளைக் கூட்டி, மனிதர் ஏறும் விமானத்துக்கு ஏற்றதாக்கினார்கள். அப்புறம் அது பல நாட்டுப் பயிற்சி விமானங்களில் பல பத்தாண்டுகள் ஓடியது.

டி.1-ல் தள்ளுவிசை 1,640 பவுண்டு. டி.3-ல் 1,750. அதுவும் போதாது என்பதால் டி.3-ஐ ஓட்டியவர்கள் 'தள்ளுவிசை மாறாது, சத்தம் மட்டும் மாறும்' என்று கிண்டல் செய்வார்கள். டி.4-ல் 2,500 பவுண்டு வந்த பிறகுதான் ஏற்றம், சுழற்சி, வளையம் எல்லாம் தாராளமாக வந்தன.

டி.3, டி.4, டி.5: எப்படி வேறுபடுத்துவது?

டி.3-ம் டி.4-ம் வெளிப்பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான், எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இரண்டிலும் பின்னால் நகரும் சட்டம் போட்ட கண்ணாடி மூடி, இறக்கை முனையில் எரிபொருள் டாங்க், ஆபத்தில் பைலட்டை வெளியே வீசும் மார்ட்டின்-பேக்கர் எஜெக்‌ஷன் சீட். டி.5 தனியாகத் தெரியும்: மூக்கு நீண்டு உருண்டிருக்கும், முன் கண்ணாடி பெரியது. உயரத்தில் காக்பிட்டுக்குள் காற்றழுத்தம் வைக்கும் வசதி டி.5-ல்தான் வந்தது. டி.4 சுலபமாக உயரத்துக்கு ஏறிவிடும், ஆனால் உள்ளே அழுத்தம் கிடையாது, மூட்டுவலி வந்து பைலட்டுகள் அவதிப்பட்டார்கள், அதற்கான மருந்துதான் டி.5. முதல் டி.5 பறந்தது 1967 பிப்ரவரி 28.

எண்ணிக்கை கேட்பவர்களுக்கு: டி.3 201, டி.4 கிட்டத்தட்ட அதே அளவு, டி.5 110. ஆயுதம் தாங்கிய தம்பியான ஸ்ட்ரைக்மாஸ்டரையும் சேர்த்தால் மொத்தம் 700-க்கு மேல்.

புதிய டி.4-ஐ விடப் பழைய டி.3 பல ஆண்டுகள் கூடுதலாக வேலை செய்தது. டி.4-ன் சக்தியை நம்பி அதைப் போட்டு வாட்டியதில் உலோகக் களைப்பு (பாரம் திரும்பத் திரும்ப விழுந்து உலோகம் பலமிழப்பது) சீக்கிரம் வந்துவிட்டது, 1970-களிலேயே பெரும்பாலானவை ஒதுங்கின. 1970-களின் நடுவில் 70 டி.3-களுக்குப் புது வழிகாட்டிக் கருவிகள் போட்டு டி.3ஏ ஆக்கினார்கள், அவை 1990-கள் வரை ஓடின.

ஆசிரியரும் மாணவரும் ஏன் பக்கத்தில் பக்கத்தில்?

மாணவர் இடது, ஆசிரியர் வலது. மாணவரின் கை எங்கே போகிறது, கண் எந்தக் கருவியில் நிற்கிறது, முகத்தில் எப்போது குழப்பம் வருகிறது என்பதை ஆசிரியர் நேரிலேயே பார்க்கலாம். முன்னும் பின்னுமாக உட்கார்ந்தால் பின்மண்டைதான் தெரியும். போர் விமானத்தில் தனியாக இருக்கப் போகிறவனுக்குத் தனியாக முன்னால் உட்காரும் பழக்கம் நல்லது என்பார்கள் மறுதரப்பினர். பிற்காலத்தில் ஜே.பி.க்குப் பதிலாக வந்த டுகானோ விமானத்தில் அப்படித்தான் வைத்தார்கள். ஆரம்பக்காரருக்குப் பக்கத்து இருக்கைதான் நல்லது என்பது என் கட்சி.

இலங்கையில் இந்த விமானம் இருந்ததாமே?

இருந்தது. ஆயுதம் பொருத்தக்கூடிய ஏற்றுமதி வகையான டி.51-ஐ 12 விமானங்கள் என்ற கணக்கில் அன்றைய ராயல் சிலோன் விமானப்படை வாங்கியது. சூடானும் குவைத்தும் இதே வகையை வாங்கின. 1960-களின் பிற்பகுதியில் இலங்கையில் இவை பறப்பது நின்று, கிடங்கில் வைக்கப்பட்டிருந்தன.

1971 ஏப்ரலில் ஜே.வி.பி. என்ற இடதுசாரி அமைப்பின் கிளர்ச்சி வெடித்தபோது அவற்றை அவசர அவசரமாக வெளியே எடுத்துத் தயார்செய்து, திருகோணமலை சீனன்குடா தளத்திலிருந்து கிளர்ச்சியாளர்கள் மீது தாக்குதலுக்கு அனுப்பினார்கள். பயிற்சிக்கென்று வாங்கிய விமானம் சொந்த நாட்டு இளைஞர்கள் மேல் ராக்கெட் வீசியது, அந்தக் கிளர்ச்சியிலும் அதை அடக்கியதிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். இந்த விமானத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சாகசக் குழு, அணிவகுப்பு என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்கு ஒப்பவில்லை. அதே ஆண்டு சோவியத் ஒன்றியத்திலிருந்து மிக்-17-களும் இரட்டை இருக்கை மிக்-15-ம் வந்ததும் ஜெட் புரோவோஸ்டின் இடம் சுருங்கிப்போனது. கொழும்புக்குத் தெற்கே ரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒன்றைப் பார்க்கலாம்.

இந்தியா ஏன் வாங்கவில்லை?

இந்தியா சொந்தமாகச் செய்துகொண்டது. பெங்களூரு எச்.ஏ.எல்.-ல் டாக்டர் வி. எம். காட்கே தலைமையில் வரைந்த எச்.ஜே.டி-16 கிரண் 1964 செப்டம்பர் 4 அன்று பறந்தது. அதிலும் பக்கத்துப் பக்கத்து இருக்கை, அதிலும் வைப்பர் எஞ்சின்தான், டி.4-ன் அதே 2,500 பவுண்டு வகுப்பு. அதனால் இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் பங்காளிகள் மாதிரி இருக்கும், ஆனால் கிரண் தனி வடிவமைப்பு, நகல் என்று சொல்வது அநியாயம். தாம்பரத்தில் பறத்தல் பயிற்றுநர் பள்ளி கிரணை வைத்துப் பல ஆண்டுகள் ஓட்டியது, ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்களில் பலர் அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.

போரில் பயன்பட்டதா?

ஜே.பி. டி.5-ன் உடலை வைத்துச் செய்த ஸ்ட்ரைக்மாஸ்டர்தான் அதற்கென்றே வந்தது, முதல் பறத்தல் 1967 அக்டோபர். 1972 ஜூலையில் ஓமானின் மிர்பாத் ஊரைக் கிளர்ச்சிப் படை சூழ்ந்தபோது, மேகம் தரையைத் தொடுமளவு தாழ்ந்திருந்த காலையில் சலாலாவிலிருந்து கிளம்பி வந்த ஸ்ட்ரைக்மாஸ்டர்கள்தான் சண்டையைத் திருப்பின. சிங்கப்பூர் 16 வாங்கி 1980-களின் நடுப்பகுதி வரை பயிற்சிக்கு வைத்திருந்தது. நியூசிலாந்தும் 16 வாங்கியது, இறக்கையில் களைப்பு விரிசல் வந்து 1992-ல் நிறுத்தியது.

1993-ல் ஏன் நிறுத்தினார்கள்?

வயது, களைப்பு, எரிபொருள். பதிலாக வந்தது பிரேசில் வடிவமைப்பை வைத்து பெல்ஃபாஸ்டில் ஷார்ட்ஸ் நிறுவனம் கட்டிய டுகானோ, டர்போப்ராப், அதாவது மறுபடியும் ப்ரொப்பெல்லர். ஜெட்டில் ஆரம்பிக்க வேண்டும் என்று அத்தனை பாடுபட்ட படை முப்பது ஆண்டுகள் கழித்து ப்ரொப்பெல்லருக்குத் திரும்பியது. டர்போப்ராப் தொழில்நுட்பம் அந்தளவு முன்னேறியிருந்தது, ஜெட் மாதிரியே கையாளவும் செய்து எரிபொருளில் பெரிய மிச்சமும் கொடுத்தது.

அத்தனை விமானமும் எங்கே போயின?

முதல் பங்கு தொழில்நுட்பப் பள்ளிகளுக்குப் போனது. ஹால்டன், காஸ்ஃபர்ட் தளங்களில் மெக்கானிக் மாணவர்கள் பிரித்து மாட்டிப் பழக டஜன் கணக்கில் ஜே.பி.க்கள் நின்றன. அங்கே பறக்காவிட்டாலும் கூரை இருந்தது, தினமும் யாரோ ஒருவர் தொட்டுப் பார்த்தார்கள், அதனாலேயே நல்ல நிலையில் பிழைத்தவை நிறைய. இரண்டாவது பங்கு ஏலத்தில் தனியாருக்கு, அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும்கூட. மூன்றாவது பங்கு பழைய இரும்புக் கடைக்கு. லாரியில் ஏற்ற வசதியாக இறக்கையை வேரிலேயே அறுத்துவிடுவார்கள், அதன் பிறகு அதைத் திரும்ப முழு விமானமாக்குவது ஏறக்குறைய முடியாத காரியம். அப்படி அறுபட்டவற்றில் மூக்கும் காக்பிட்டும் மட்டும் தப்பிப் பலர் வீட்டு கராஜ்களில் இருக்கின்றன. நியூவார்க் விமான அருங்காட்சியகத்தில் காக்பிட்டுகளுக்கென்றே ஒரு கூடுகை நடக்கிறது. காக்பிட்டை மட்டும் காப்பதைக் குறைவாகப் பேசுபவர்கள் உண்டு, எனக்கு அது முழு மரியாதைக்கு உரிய வேலை. ஒரு தனி ஆள் ஒரு முழு விமானத்தைக் காக்க முடியாது, ஒரு காக்பிட்டை முடியும்.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

முதலில் பறந்த அந்த விமானமே, எக்ஸ்.டி.674, காஸ்ஃபர்டில் உள்ள பிரிட்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, நீளக் கால்களோடு. நியூவார்க்கில் ஒரு டி.3 உண்டு. பறக்கிற ஜே.பி. பார்க்க வேண்டுமென்றால் எசெக்ஸில் நார்த் வீல்ட் பக்கம் போவது வழக்கம். இலங்கைக்காரர்களுக்கு ரத்மலானை. சிங்கப்பூரில் பாயா லேபார் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஸ்ட்ரைக்மாஸ்டர்.

திறந்தவெளியில் நிறுத்தினால் என்ன ஆகும்? உலோகம்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் கோபப்படுவேன். உலோகம்தான், ஆனால் ஒரே உலோகம் இல்லை. அலுமினியத் தகட்டில் எஃகு போல்ட், சக்கரத்தில் மெக்னீசியக் கலவை. இரண்டு வேறு உலோகம் தொடுகிற இடத்தில் ஈரம் நின்றால் அரிப்பு தொடங்கிவிடும், அதுவும் பெயிண்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல். மூடியின் ரப்பர் விளிம்பு வெயிலில் காய்ந்து வெடிக்கும், அந்த வழியாக மழைநீர் இறங்கி காக்பிட் தரையில் தேங்கும், மேலே வெயில் அடித்தால் உள்ளே நீராவி, அதில் கருவிப் பலகை பூஞ்சை பிடிக்கும். மூடிக் கண்ணாடி நுண்விரிசல் விட்டுப் பால் நிறமாகிவிடும். காக்பிட்டுக்குப் பின்னால் இரு பக்கமும் இருக்கும் காற்று வாயில் பறவை கூடு கட்டும், அந்தக் குப்பை ஈரத்தைப் பிடித்து வைக்கும், எச்சம் தகட்டை அரிக்கும். கடலோர ஊரானால் இதெல்லாம் இரண்டு மடங்கு வேகம்.

வாசலில் தூண் மேல் ஏற்றி நிறுத்துவது இதிலெல்லாம் மோசம், ஏனென்றால் ஏணி இல்லாமல் யாரும் கிட்டே போய்ப் பார்க்க முடியாது. வருடம் ஒருமுறை பெயிண்ட் அடித்தால் பராமரிப்பு ஆகிவிட்டதாக நினைக்கிறார்கள். பெயிண்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு தகரக் கொட்டகை போடுங்கள், காற்று வாய்க்கும் எஞ்சின் பின்வாய்க்கும் மூடி போடுங்கள், அடிவயிற்றில் நீர் வடியும் துளைகள் அடைபடாமல் பாருங்கள், டயரில் எடை ஏறாமல் ஜாக்கி மேல் நிறுத்துங்கள். இவை நான்கும் செய்தால் விமானம் நம் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும்.

எல்லாவற்றையும் பறக்கவே வைக்கலாமே?

முடியாது. ஒவ்வொரு விமானத்துக்குள்ளும் களைப்பு மீட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு, கூர்மையாகத் திருப்பும்போது விமானத்தின் மேல் எத்தனை ஜி (புவியீர்ப்பின் எத்தனை மடங்கு) பாரம் எத்தனை தடவை விழுந்தது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். பறந்து முடித்ததும் அந்த எண்களைக் குறித்து, உடலின் ஆயுளில் எவ்வளவு செலவாகிவிட்டது என்று கணக்குப் போடுவார்கள். அது முடிந்தால் முடிந்தது, எஞ்சின் புதிதாக இருந்தும் பயனில்லை. எஜெக்‌ஷன் சீட்டின் வெடிமருந்துக் குப்பிகளுக்கும் காலாவதித் தேதி உண்டு. பழைய வகைகளுக்கு அவை கிடைப்பது வரவர அரிதாகிவிட்டது.

சட்டமும் இறுகிவிட்டது. 2015 ஆகஸ்ட் 22 அன்று ஷோர்ஹாம் கண்காட்சியில் ஒரு ஹன்டர் டி.7, அதுவும் பழைய ஜெட் பயிற்சி விமானம்தான், சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். கீழே சாலையிலும் சாலையோரத்திலும் இருந்தவர்கள் அவர்கள். அதன் பிறகு பிரிட்டனில் பழைய ஜெட்கள் தரைக்கு மேல் சாகசம் செய்வதைத் தடுத்து, நேராகப் பறந்து போக மட்டும் அனுமதித்தார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

என் நிலைப்பாடு இதுதான்: எக்ஸ்.டி.674 மாதிரி ஒன்றே ஒன்றாக இருப்பதைப் பறக்க வைக்கப் பேசவே கூடாது. ஒரே வகையில் பல மிச்சமிருக்கும் டி.3, டி.5-களில் நல்ல ஆவணத்தோடு உள்ளவை ஆயுள் மிச்சமுள்ள வரை பறக்கட்டும். வைப்பரின் அந்தக் காதைத் துளைக்கும் கீச்சுச் சத்தத்தை எந்த அருங்காட்சியகமும் தர முடியாது.

பழைய காக்பிட் ஒன்றில் உட்கார வாய்ப்பு கிடைத்தது. பயமில்லையே?

முதலில் கேட்க வேண்டியது: 'சீட்டைச் செயலிழக்கச் செய்திருக்கிறீர்களா?' வெடிக்குப்பிகள் எடுக்கப்பட்டன என்று எழுத்தில் இருக்க வேண்டும், சீட்டுக்கும் மூடிக்கும் இரண்டுக்கும். 'அதெல்லாம் பழசு, ஒன்றும் ஆகாது' என்று யாராவது சொன்னால் ஏறாதீர்கள். இரண்டாவது, அந்தக் காலத்துக் கருவிகள் சிலவற்றின் முள்ளிலும் எண்ணிலும் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள். கண்ணாடி முழுசாக இருந்தால் கொஞ்ச நேரம் உட்காருவதில் பிரச்சினை இல்லை, உடைந்த கருவியைச் சுரண்டுவதும் துடைப்பதும் கூடாது.

எந்த நிறம் அடிப்பது சரி?

வெள்ளி நிறத்தில் மஞ்சள் பட்டை, பிறகு ஒளிரும் ஆரஞ்சு, பிறகு சிவப்பு-வெள்ளை-சாம்பல். ஒரே விமானம் மூன்றையும் போட்டிருக்கலாம். முதலில் ஏதாவது மறைவான ஓரத்தில் நிதானமாகத் தேய்த்து அடுக்குகளைப் பாருங்கள், படம் எடுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள். அந்த விமானம் என்றைக்கும் போடாத நிறத்தை, பார்க்க அழகு என்று அடிக்க வேண்டாம்.

விமானப்படையில் வேலை செய்த தாத்தாவின் பழைய காகிதங்கள் வீட்டில் இருக்கின்றன. யாருக்காவது பயன்படுமா?

ரொம்பவே. பைலட்டின் லாக் புக் மட்டும்தான் மதிப்பு என்று நினைக்காதீர்கள். தரையில் வேலை செய்தவர்களின் நோட்டு, எஃப் 700 என்ற பராமரிப்புப் பதிவின் தனித்தாள், தளத்தில் எடுத்த குழுப் படம் எல்லாம் வேண்டும். எந்த எண்ணுள்ள விமானத்துக்கு எந்தப் பாகத்தை எப்போது மாற்றினார்கள் என்பது அப்படிப்பட்ட தாளில் மட்டும்தான் இருக்கும். லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தை அருகில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்டுக் கொடுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரைச் சொல்லக்கூடியவர் வீட்டில் இன்னும் இருந்தால், இந்த வாரமே உட்கார வைத்துக் கேட்டுப் பென்சிலால் படத்தின் பின்னால் எழுதிவிடுங்கள்.